டன்னாட்டர் கோட்டைக்குக் கீழே, கல் கடற்கரையில்

(நம் மூத்த குடிமக்கள் வட்டத்தின் மாதச் சந்திப்பில், சி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். பேசிய போக்கிலேயே தருகிறோம். – ஆசிரியர் குழு)



போன மாதம் நம் செயலாளர் என்னை லிஃப்டில் வைத்துப் பிடித்துவிட்டார். "டீச்சர், ஸ்காட்லாந்து போயிட்டு வந்தீங்களே, அதைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். "நான் ஸ்காட்லாந்தைப் பார்க்கலை சார், அங்க ஒரு சமையலறையைத்தான் பார்த்தேன்" என்று சொன்னேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். உண்மையைத்தான் சொன்னேன். மகளுக்குப் பிரசவம் பார்க்க ஏப்ரலில் போனேன், ஆகஸ்டில் திரும்பினேன். இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களில் பாதிப் பேர் அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் இப்படித்தான் பார்த்திருப்பீர்கள். பத்தியக் குழம்பு, பால் பாட்டில், துணி துவைக்கும் மெஷின், ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒரு மரம். அவ்வளவுதான்.

அந்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியே போனேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். பேச்சில் சுற்றுலாத் தகவல் குறைவாகவும் குடும்பக் கதை அதிகமாகவும் இருந்தால் செயலாளரைக் கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு நன்றி. நான் இல்லாத நான்கு மாதமும் எங்கள் வீட்டுக்காரருக்குக் குழம்பும் ரசமும் கொடுத்து அனுப்பிய அத்தனை பேருக்கும். எந்த வீட்டு ரசம் முதலிடம் என்று அவர் ஒரு தரவரிசை வைத்திருக்கிறார். குடியிருப்பின் அமைதி கருதி அதை இங்கே வெளியிடவில்லை.

என் மகள் இருப்பது அபர்டீன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வட கடலை ஒட்டிய ஊர். கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற கம்பெனிகள் நிறைய. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே இருப்பதற்கு அதுதான் காரணம். ஊரே சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டியது. மழை பெய்தால் வானம் எது, வீடு எது என்று தெரியாது. ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். விளக்கேற்றுவது எத்தனை மணிக்கு என்று முதல் வாரம் எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

பேத்தி ஏப்ரல் கடைசியில் பிறந்தாள். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஆரம்பித்தது. அங்கே ஹெல்த் விசிட்டர் என்று ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்ப்பார். நல்ல பெண்மணி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொல்வதற்கு எல்லாம் அவர் நேர் எதிர். எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவேன் என்றேன், வேண்டாம் என்றார். சாம்பிராணி காட்டுவேன் என்றேன், குழந்தை இருக்கிற வீட்டில் புகையே கூடாது என்றார். மூன்று மாதம் குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்றேன், தினமும் வெளியே நடத்திக்கொண்டு போங்கள் என்றார். அந்தக் குளிரிலும் காற்றிலும்!

ஒரு நாள் நான் பிடிவாதம் பிடித்தேன். "நீயும் இப்படித்தான்டி வளர்ந்தே" என்றேன். மகள் திரும்பிப் பார்த்து, "அம்மா, ப்ளீஸ். இது உன் வீடு இல்லை" என்றாள்.

அவள் தூக்கமில்லாமல் சொன்ன வார்த்தை. எனக்குத் தெரியும். ஆனாலும் காதில் விழுந்துவிட்டதே. அதற்குப் பிறகு ஒன்பது நாள் நாங்கள் இருவரும் "சாப்பிட வா", "தூங்கிட்டாளா", "பால் இருக்கா" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. சத்தமில்லாமல், மரியாதையாக, ஒரே வீட்டில். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பத்தாவது நாள் ஞாயிறு. "அத்தை, ஒரு கோட்டை இருக்கு, அரை மணி நேரம்தான், கிளம்புங்க" என்றார். காற்றில் குழந்தையா என்று வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிக்கொண்டு காரில் ஏறினேன்.

அபர்டீனுக்குத் தெற்கே ஸ்டோன்ஹேவன் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். மார்ஸ் பார் சாக்லேட்டை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து விற்பது 1990-களில் அந்த ஊரில்தான் ஆரம்பித்தது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நம் பஜ்ஜிக் கடைக்காரர் யாரும் இன்னும் துணியாத காரியம். ஊரைத் தாண்டி இரண்டு மைல் தெற்கே போனால் டன்னாட்டர் கோட்டை.

கார் நிறுத்துகிற இடத்திலிருந்து புல்வெளியில் கொஞ்ச தூரம் நடந்தோம். திடீரென்று தரை முடிந்துவிட்டது. முன்னால் கடல். கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய பாறை, 160 அடி உயரம், சுற்றிலும் செங்குத்து. அதன் தலையில் கூரையில்லாத மண்டபங்களும் ஒரு உயரமான கோபுர வீடும் நிற்கின்றன. பாறையை நிலத்தோடு சேர்ப்பது ஒடுக்கமான ஒரு கழுத்து மாதிரியான நிலம்தான். கோட்டைக்குப் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கத்துச் சரிவில் கீழே இறங்கி, மறுபடி அந்தப் பக்கம் ஏற வேண்டும். 200-க்கு மேல் படிகள். நம் லிஃப்ட் மூன்று நாள் நின்றதே, அப்போது நான் ஐந்தாவது மாடிக்கு ஏறியதை நினைத்துக்கொண்டேன். அதைப் போல இரண்டு மடங்கு.

நாங்கள் போனபோது சாயங்காலம். கோட்டைக் கதவை மூடிவிட்டார்கள். ஆக, நான் டன்னாட்டர் கோட்டைக்குள் காலே வைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குத்தான் டிக்கெட்டும் நேரமும். கீழே இருக்கிற கடற்கரைக்கு அதெல்லாம் கிடையாது. "நான் குழந்தையைப் பார்த்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் கீழ போய்ட்டு வாங்க" என்றார் மாப்பிள்ளை. எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குப் பாதிப் படி இறங்கிய பிறகுதான் புரிந்தது.

எனக்கு வலது முழங்கால் சரியில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மகள் முன்னால் இறங்கினாள். கை கொடுக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோட்டைக்கு ஏறுகிற படிக்கு முன்னாலேயே ஒரு தடம் பிரிந்து கடற்கரைக்குப் போகிறது.

மெரினா, பெசன்ட் நகர் பார்த்த கண்ணுக்கு அதைக் கடற்கரை என்று சொல்ல மனம் வராது. கரை முழுக்கக் கல். எலுமிச்சம்பழம் அளவு, தேங்காய் அளவு, பூசணிக்காய் அளவு, எல்லாம் வழவழவென்று உருண்டை. கால் வைத்தால் உருளும். அலை வந்து திரும்பும்போது கற்களை இழுத்துக்கொண்டு போகிறது. லாரியிலிருந்து ஜல்லியை மெதுவாகக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மனித நடமாட்டம் இல்லை. பறவைகள் மட்டும் பாறை விளிம்புகளில் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. வட கடல் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தேன். ஃப்ரீசரில் கை விட்ட மாதிரி இருந்தது.

அந்தப் பாறையைக் கிட்டத்தில் பார்த்தால் கடலை உருண்டை மாதிரி இருக்கிறது. மண்ணும் மணலும் பாகு, உள்ளே கூழாங்கற்கள் வேர்க்கடலை. ஏறக்குறைய 40 கோடி வருஷத்துக்கு முன்னால் ஆறுகள் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்கள், இறுகிப் பாறையாகிவிட்டன. இப்போது கடல் அந்தப் பாறையை அரிக்க, கற்கள் மறுபடி உதிர்ந்து விழுகின்றன. நம் காலடியில் கிடப்பவற்றில் பல இரண்டு முறை உருண்டவை. ஆற்றில் ஒரு முறை, கடலில் ஒரு முறை. பூஜை அறையில் வைக்கலாம் என்று ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டேன். "அம்மா, இங்கேருந்து கல் எடுக்கக் கூடாது" என்றாள் மகள். போட்டுவிட்டேன். பத்து நாளில் எங்களுக்குள் நடந்த மிக நீளமான உரையாடல் அது.

அப்புறம் ஒரு பெரிய கல்லில் நான் உட்கார்ந்தேன். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தால் கோட்டை நேராகத் தலைக்கு மேல். என்ன பேசுவது என்று தெரியாமல், "இது யார் கட்டினது?" என்று கேட்டேன். இருபது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் கேட்கிற கேள்வி! அவள் சொல்ல ஆரம்பித்தாள். அன்று அவள் சொன்னதையும், பிறகு அங்கே நூலகத்திலிருந்து எடுத்து நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தக் கரையில் கோட்டை என்பது ரொம்பப் பழைய சங்கதி. டன் என்றாலே அவர்கள் பழைய மொழியில் கோட்டை. கொஞ்சம் வடக்கே கடலுக்குள் தனியாக நிற்கிற டன்னிகேர் என்ற பாறையில் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பார்த்து, கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டிலேயே பிக்ட் என்கிற மக்கள் அங்கே கோட்டை கட்டி வாழ்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். டன்னாட்டர் பாறையில் இப்போது நிற்பவற்றில் பழையவற்றுள் ஒன்று அந்தக் கோபுர வீடு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கீத் என்ற பிரபுக் குடும்பம் கட்டியது. ராஜாக்கள் பெயர், போர்கள் எல்லாம் இருக்கின்றன, விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது ஒரு கிரீடத்தின் கதை.

1651. இங்கிலாந்தில் ராஜாவின் தலையை வெட்டிவிட்டுக் க்ராம்வெல் தரப்பினர் ஆண்டுகொண்டிருந்த காலம். ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த ராஜாவின் மகன் இரண்டாம் சார்லஸுக்கு ஜனவரி முதல் தேதி முடிசூட்டினார்கள். முடிசூட்டக் கிரீடம், செங்கோல், வாள் என்று மூன்று பொருள்கள் உண்டு. க்ராம்வெல் அதற்கு முன்பே இங்கிலாந்தின் அரச நகைகளை அழித்துவிட்டிருந்தார். இவையும் அவர் கையில் கிடைத்தால் உருக்கிவிடுவார். அதனால் கொண்டுவந்து டன்னாட்டரில் ஒளித்து வைத்தார்கள். க்ராம்வெல் படை வந்து முற்றுகை போட்டது. உள்ளே சுமார் 70 பேர். ஜார்ஜ் ஓகில்வி என்பவர் காவல் அதிகாரி. எட்டு மாதம் தாக்குப் பிடித்தார். பெரிய பீரங்கிகள் வந்த பிறகு, 1652 மே 24 அன்று சரணடைந்தார். இங்கிலீஷ்காரர்கள் உள்ளே போய்த் தேடினால் கிரீடம் இல்லை. முன்பே வெளியே போய்விட்டது.

எப்படிப் போனது? இங்கேதான் இரண்டு கதைகள்.

முதல் கதை கிறிஸ்டியன் ஃப்ளெட்சர் என்ற பெண் தானே சொன்னது. சில மைல் தெற்கே கின்னெஃப் என்ற கிராமத்துச் சர்ச் பாதிரியாரின் மனைவி. பாதிரியார் பெயர் ஜேம்ஸ் கிரேஞ்சர். ஓகில்வியின் மனைவி எலிசபெத் டக்ளஸும் இவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்டியன் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூன்று முறை கோட்டைக்குள் போய், ஒவ்வொரு முறையும் சாமான் மூட்டைக்குள் மறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்துவிட்டார். முற்றுகை போட்டிருக்கிற படைக்கு நடுவே! ராஜாவின் ரகசியக் காகிதங்களை ஆன் லிண்ட்சே என்று எலிசபெத்துக்கு உறவுக்காரப் பெண் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தே வெளியே வந்தார்.

இரண்டாவது கதை அடுத்த நூற்றாண்டில் எழுதி வைத்தது. கோட்டையிலிருந்து கயிறு கட்டிக் கிரீடத்தையும் மற்றதையும் கீழே கடற்கரையில் இறக்கினார்களாம். கீழே கிறிஸ்டியன் வீட்டு வேலைக்காரப் பெண் கடற்பாசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடையில் போட்டு, மேலே பாசியை மூடி, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதாவது, நாங்கள் உட்கார்ந்திருந்த கல் கடற்கரையில்.

எது உண்மை என்று நாங்கள் வாதம் பண்ண ஆரம்பித்தோம். மகள் முதல் கதைப் பக்கம். "செஞ்சவங்களே சொன்னது. அதுவும் அப்பவே சொன்னது. கயித்துல இறக்கினா எதிர் மலையில இருக்கிற சிப்பாய்க்குத் தெரியாதா?" என்றாள். நியாயம்தான். வாத்தியாராக நான் மார்க் போட்டால் அதற்குத்தான் போடுவேன். ஆனால் அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு இரண்டாவது கதையை விட மனமில்லை. "கயிறு தெரியும்டி. பாசி பொறுக்கறவ தெரிய மாட்டா" என்றேன். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களை நாம் எத்தனை முறை ரயிலில் தாண்டிப் போயிருக்கிறோம்? ஒருத்தி முகமாவது நினைவிருக்கிறதா?

"அவ பேர் என்ன?" என்று கேட்டேன்.

"யாரு?"

"பாசி பொறுக்கினவ."

"கதைல பேர் இல்லம்மா."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. கரையோரம் கரும்பழுப்பு நிறத்தில், தோல் பெல்ட் மாதிரி, பாசி ஒதுங்கிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். அதற்குள் தலையணை அளவு மூட்டையை மறைக்கலாம்.

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கின்னெஃப் சர்ச்சில் பிரசங்க மேடைக்கு முன்னால் தரைக் கல்லைப் பெயர்த்துக் கிரீடத்தையும் செங்கோலையும் புதைத்தார் பாதிரியார். வாளை வேறொரு பக்கம் புதைத்தார். கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணவனும் மனைவியும் ராத்திரி எழுந்து, தோண்டி எடுத்து, ஈரம் பிடிக்காமல் இருக்கக் கணப்பில் காய வைத்து, மறுபடி புதைப்பார்களாம். அதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். என் அம்மா கூரைப்புடவையை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மறுபடி பெட்டிக்குள் வைப்பாளே, அந்த வேலைதான். மகளும் சிரித்தாள். "பாட்டி வேப்பிலை போடுவாங்க இல்ல?" என்றாள்.

1660-ல் ராஜா திரும்பி வந்தார், பொருள்களும் பத்திரமாகத் திரும்பின. பரிசு யாருக்கு என்று பெரிய தகராறு. கிரீடம் பிரான்ஸுக்குப் போய்விட்டது என்று எதிரியை ஏமாற்ற முன்பு ஒரு வதந்தி கிளப்பியிருந்தார்கள். கொண்டுபோனதாகச் சொல்லப்பட்டவர் கீத் குடும்பத்துத் தம்பி, ஜான் கீத். அவருக்குப் பெரிய பதவி, பிற்பாடு பிரபுப் பட்டம். கோட்டையைக் காத்து, மனைவியோடு சிறைக்கும் போன ஓகில்விக்கு அதைவிடச் சின்னப் பட்டம். கிறிஸ்டியனுக்கு 1661-ல் பாராளுமன்றம் 2000 மெர்க் பணம் கொடுக்க உத்தரவு போட்டது. ஐம்பது வருஷம் கழித்தும் வாரிசுகள் யார் காப்பாற்றியது என்று புத்தகம் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் போர்வெல் யார் காலத்தில் போட்டது என்று பொதுக்குழுவில் நடக்கிற சண்டை எனக்கு நினைவு வந்தது. செயலாளர் மன்னிக்கவும்.

எல்லாமே இப்படி நல்ல கதை என்றும் சொல்ல முடியாது. அதே கோட்டையில் 1685-ல், அரசாங்கம் சொன்ன மத முறையை ஏற்காத 167 பேரை ஒரே நிலவறையில் அடைத்தார்கள். 122 ஆண்கள், 45 பெண்கள். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைக் கடைசி வரை. 25 பேர் தப்பித்து அந்தச் செங்குத்துப் பாறை வழியாக இறங்கப் பார்த்தார்கள். இரண்டு பேர் விழுந்து செத்தார்கள். 15 பேர் திரும்பப் பிடிபட்டார்கள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பாறையில் விரல் வைக்கக்கூட இடமில்லை. பகலில், காலில் நல்ல ஷூ போட்டுக்கொண்டு பார்க்கும்போதே வயிறு கலங்கியது.

பேசிக்கொண்டே இருந்ததில் கடலைக் கவனிக்கவில்லை. திடீரென்று குளிர் கூடியது. திரும்பிப் பார்த்தால் கடல் இல்லை. வெள்ளையாக ஒரு சுவர் வந்துகொண்டிருந்தது. ஹார் என்று அங்கே சொல்கிறார்கள். வெதுவெதுப்பான காற்று அந்தச் சில்லென்ற கடல் மேல் வரும்போது உண்டாகிற மூடுபனி. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கோட்டை மறைந்தது, பாறை மறைந்தது, நாங்கள் வந்த தடம் மறைந்தது. மகளின் சிவப்பு ஜாக்கெட் மட்டும் தெரிந்தது. அலை ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்றுகூட நாங்கள் பார்த்து வைக்கவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கல் உருண்டது. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அடி பெரிதாக இல்லை. ஆனால் பயந்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மேலே குழந்தைக்குப் பசிக்குமே, இவள் இங்கே மாட்டிக்கொண்டாளே என்பதுதான் முதலில் வந்தது. நான் மாட்டிக்கொண்டது அப்புறம்தான் வந்தது.

"அம்மா, கையைக் கொடு" என்றாள்.

"அலைச் சத்தத்தை முதுகுப் பக்கம் வெச்சுக்கோ. அது முதுகுப் பக்கமே இருந்தா நாம நிலத்தைப் பார்த்துப் போறோம்னு அர்த்தம்" என்றேன். அது எங்கிருந்து எனக்கு வந்தது என்று தெரியவில்லை. அப்படியே நடந்தோம். ஒரு கல், நின்று, சத்தம் கேட்டு, அடுத்த கல். பத்து நிமிஷத்தில் காலடியில் புல் தட்டியது. தடம் கிடைத்துவிட்டது. கையை அவள் விடவில்லை. படி ஏறும்போது நின்று நின்றுதான் ஏறினேன். நடுவில் ஒரு படியில் உட்கார்ந்தபோது, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள். "எதை?" என்று கேட்டேன். தெரியாத மாதிரி. வயதானவர்களுக்கு இந்த ஒரு சலுகை உண்டு.

மேலே போனால் மாப்பிள்ளை காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார். குழந்தை அவர் மார்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. "கோட்டை எப்படி இருந்தது அத்தை?" என்றார். "தெரியலை மாப்பிள்ளை, மூடிட்டாங்க" என்றேன்.

மறுநாள் காலை மகள் குழந்தையின் குளியல் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, கை வைத்துச் சூடு பார்த்து, என் முன்னால் வைத்தாள். எண்ணெய் கிடையாது, சாம்பிராணி கிடையாது, காலில் போடுவதும் கிடையாது. அவள் முறைதான். ஆனால் குளிப்பாட்டுவது நான். ஊருக்குக் கிளம்புகிற வரை அப்படியே நடந்தது. ஹெல்த் விசிட்டர் ஒரு நாள் பார்த்துவிட்டு, உங்கள் கை ரொம்பப் பக்குவம் என்று சொன்னார். அதையும் இந்தச் சபையில் பதிவு செய்கிறேன்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். கோட்டைக்குள் போக வேண்டும் என்றால் மதியத்துக்குள் போய்விடுங்கள். கடற்கரைக்கு இறங்குவதாக இருந்தால் அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், நாங்கள் செய்த தப்பைச் செய்ய வேண்டாம். செருப்பு, புடவை இரண்டும் உதவாது. நல்ல பிடிமானமுள்ள ஷூ, காற்றுக்குத் தாங்கும் ஜாக்கெட், ஜூன் மாதமானாலும். முழங்கால் வலி இருப்பவர்கள் மேலேயிருந்து பார்த்தாலே போதும், மேலேயிருந்துதான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். கையில் நேரமிருந்தால் கின்னெஃப் சர்ச்சுக்கும் போய்விட்டு வாருங்கள். கிரேஞ்சர் தம்பதிக்கு அங்கே நினைவுக் கல்வெட்டு இருக்கிறது.

டி பிளாக் மாமா கையைத் தூக்குகிறார். கிரீடம் இப்போது எங்கே என்றுதானே? எடின்பரோ கோட்டையில் இருக்கிறது மாமா. 1707-ல் இங்கிலாந்தோடு சேர்ந்த பிறகு ஒரு பெட்டியில் பூட்டி வைத்து, இருக்கிற இடமே ஜனங்களுக்கு மறந்துபோயிற்று. 1818-ல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அனுமதி வாங்கி அந்த அறையைத் திறந்து கண்டுபிடித்தார். 2022-ல் எலிசபெத் ராணி காலமானபோது எடின்பரோவில் சவப்பெட்டியின் மேல் வைத்தார்களே, நாமெல்லாம் டிவியில் பார்த்தோமே, அதே கிரீடம்தான். யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் எடின்பரோவுக்கு ரயில் டிக்கெட் போட்டிருந்தார் மாப்பிள்ளை. அன்றைக்குத்தான் பேத்திக்கு 8 வாரத் தடுப்பூசி. ராத்திரி ஜுரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்.